அட்வென்ச்சர் ரேஸ்னா என்ன? நாலாவது ஆளா கூப்பிடுறாங்க, போகலாமா?

தென்றல்_விருதை

எல்லாருக்கும் வணக்கம். நான் விருதுநகர்க்காரி, மெல்பர்ன் வந்து மூணு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல என்கூட வேலை பார்க்கிற மூணு பேர், மூணு பேருமே ஆம்பளைங்க, ஒரு அட்வென்ச்சர் ரேஸுக்குப் பேர் குடுக்கப் போறாங்களாம், 12 மணி நேர ரேஸ், நாலு பேர் டீம், அதுல ஒரு பொண்ணாவது கண்டிப்பா இருக்கணுமாம், நீ வர்றியான்னு போன வாரம் கேட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

என்னைப் பத்தி சொல்லிடறேன். வயசு 36. ஹாஃப் மாரத்தான் ரெண்டு ஓடியிருக்கேன், 2 மணி 20 நிமிஷம் ஆகும். சைக்கிள் ஸ்கூல் படிக்கிறப்ப ஓட்டினது, மலைப்பாதையில ஓட்டினதே இல்ல. கயாக்னு துடுப்பு போடுற சின்னப் படகு இருக்கே, அதைத் தொட்டது கூட கிடையாது. நீச்சல் இங்க வந்து பையனோட சேர்ந்துதான் கத்துக்கிட்டேன், அம்பது மீட்டர் தாக்குப்பிடிப்பேன். மேப் சுத்தமா தெரியாது, போன் இடதுன்னா இடது, வலதுன்னா வலது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் தாராளமா போயிட்டு வான்னு சொல்லிட்டாரு. எனக்குத்தான் உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் இருக்கு. என்னால முடியும்னு நினைச்சு கூப்பிடுறாங்களா, இல்ல ரூலுக்கு ஒரு பொண்ணு வேணும்னு கூப்பிடுறாங்களான்னு தெரியல. ரூலுக்காகன்னா அவங்களை இழுத்துப் பிடிக்கிற சுமையா நான் போய் நிக்கக் கூடாது. இது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் வர்ற ட்ரையத்லான் மாதிரிதானா? தெரிஞ்சவங்க அ ஆவன்னாவிலேர்ந்து சொல்லுங்க ப்ளீஸ்.

காட்டுவழியான்

வணக்கங்க. நான் கான்பெரால இருக்கேன், சொந்த ஊர் தேனி பக்கம். எட்டு வருஷமா இதுல கிடக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கங்க.

ட்ரையத்லான் மாதிரி இல்ல. அங்க ரோடு இருக்கும், அம்புக்குறி இருக்கும், நீங்க பாட்டுக்கு தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடலாம். இங்க போட்டு வச்ச வழின்னு ஒண்ணு கிடையாது. மேப்ல வட்டம் வட்டமா செக்பாயின்ட் குறிச்சிருப்பாங்க, சிபின்னு சொல்லுவோம், ஒவ்வொண்ணுக்கும் எப்படிப் போறதுன்னு நீங்களே முடிவு பண்ணனும். மேப், காம்பஸ் ரெண்டு மட்டும்தான். ஜிபிஎஸ் கூடாது, போனை சீல் வச்ச கவர்ல போட்டுடுவாங்க, அவசரம்னாதான் பிரிக்கணும். நடை, ஓட்டம், மலை சைக்கிள், கயாக், சில ரேஸ்ல கயிறு கட்டி பாறையில இறங்குறது, இதெல்லாம் மாறி மாறி வரும். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறுற இடத்துக்கு டிரான்ஸிஷன் ஏரியான்னு பேரு, டிஏ, அங்கதான் சைக்கிள் பெட்டி, சாப்பாடு, மாத்து சாக்ஸ் எல்லாம் கிடக்கும். கடிகாரம் மட்டும் நிக்கவே நிக்காது, நீங்க தூங்கினாலும் ஓடும்.

முக்கியமான விஷயம் இனிமேதான். டீம் பிரியக் கூடாது. ஒருத்தருக்கொருத்தர் 50 மீட்டர் 100 மீட்டர்னு ஒவ்வொரு ரேஸ்லயும் ஒரு எல்லை வச்சிருப்பாங்க, அதைத் தாண்டி விலகினா பெனால்டி. நாலு பேரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினாதான் கணக்கு, நடுவுல ஒருத்தர் விலகிட்டா பெரும்பாலான ரேஸ்ல டீமுக்கு ரேங்க் கிடையாது.

இப்ப உங்க உறுத்தலுக்கு வர்றேன். 1989ல ஜெரார் ஃபியூசில்னு ஒரு பிரெஞ்சு பத்திரிகையாளர் நியூசிலாந்துல ரெய்டு கோலுவாஸ்னு ஒரு ரேஸ் நடத்தினாரு, இன்னைக்கு நாம பார்க்கிற அட்வென்ச்சர் ரேஸுக்கு அதுதான் அச்சு. அப்ப டீமுக்கு அஞ்சு பேர், அதுல ஒரு பொண்ணாவது இருக்கணும், எல்லாரும் சேர்ந்து முடிக்கணும்னு அன்னைக்கே ரூல். (அதுக்கு முன்னாடியும் இருந்துச்சு. இங்கிலாந்துல 1968லயே ரெண்டு பேர் டீமா ராத்திரி மலையிலயே தங்கி ஓடுற மவுண்டன் மாரத்தான் ஆரம்பிச்சாங்க, நியூசிலாந்துல 1983லேர்ந்து மேற்குக் கடற்கரையில கிளம்பி கிழக்குக் கடற்கரைக்கு 243 கிலோமீட்டர் போற கோஸ்ட் டு கோஸ்ட் நடக்குது.) பொண்ணு இருக்கணும்ங்கிறது பின்னாடி யாரோ ஒட்ட வச்சது இல்ல, இந்த விளையாட்டு பிறந்ததே அப்படித்தான். 2019ல ஃபிஜில எக்கோ சேலஞ்ச் நடந்துச்சே, 671 கிலோமீட்டர், 66 டீம், அதுல ஜெயிச்ச நியூசிலாந்து டீம்ல சோஃபி ஹார்ட்னு ஒருத்தங்க, உலகத்துலயே பெரிய ஆளுங்கள்ல ஒருத்தங்க. அதே ரேஸ்ல இந்தியாவிலேர்ந்து முதல் தடவையா போன டீமை முன்னாடி நின்னு நடத்தினதே டேராடூன் இரட்டைச் சகோதரிங்க தாஷி மாலிக், நுங்ஷி மாலிக்தான், எவரெஸ்ட் ஏறினவங்க.

2 மணி 20 நிமிஷம் ஹாஃப் மாரத்தான் தாராளமா போதும். 12 மணி நேர ரேஸ்ல பாதி நேரம் எல்லாரும் நடக்கத்தான் செய்வாங்க. டீமோட வேகம்ங்கிறது மெதுவா போற ஆளோட வேகம், அது யாருங்கிறது மணிக்கு மணி மாறும்.

கால் வேகத்தை விட மேப்தான் நேரத்தை சாப்பிடும். எங்க கதை ஒண்ணு சொல்றேன். மூணாவது வருஷம், ராத்திரி ரெண்டு மணி, ரெண்டு ஓடை கூடுற இடத்துல ஒரு சிபி. மலை முதுகுல நடந்து போயி ஒரு ஸ்பர் வழியா, அதாவது மலையிலேர்ந்து மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு கீழ இறங்குற மேடு, அது வழியா இறங்கணும். நான்தான் மேப் பிடிச்சிருந்தேன். ஒரு ஸ்பர் வந்துச்சு, சரிவு சரியா இருக்கு, மரமும் அப்படியே இருக்கு, இதுதான்னு இறங்கிட்டோம். காம்பஸை வச்சுப் பார்த்திருந்தா பத்து செகண்ட்ல தெரிஞ்சிருக்கும், மேப்ல இறங்குறது வடகிழக்கு, நாங்க இறங்கினது நேர் கிழக்கு. கீழ போனா ஓடை இருக்கு, ஆனா கூடலைக் காணோம். அங்கேயே முக்கால் மணி நேரம் டார்ச் அடிச்சுத் தேடி, கடைசியா திரும்ப மேல ஏறி, அடுத்த ஸ்பர்ல இறங்கி, மொத்தம் ரெண்டு மணி நேரம் போச்சு. டீம்ல ஒருத்தர் கூட என்னைக் குறை சொல்லல, ஒருத்தர் கையில இருந்த கடலை மிட்டாயைப் பாதி உடைச்சுக் குடுத்தாரு. அன்னையிலேர்ந்து இறங்குறதுக்கு முன்னாடி காம்பஸ் பார்க்காம ஒரு அடி எடுத்து வச்சதில்ல.

மேப்ல கான்டூர் கோடுன்னு பழுப்புக் கலர்ல ஓடும், அதைப் பார்த்து பயப்படாதீங்க. உங்க ஊர்ல கண்மாய் வத்த வத்த கரையில ஈரக்கோடு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா விழும்ல, அதேதான். ஒரே கோட்டுல இருக்கிற எல்லா இடமும் ஒரே உயரம். கோடு நெருங்கியிருந்தா செங்குத்து, விலகியிருந்தா சமதளம். கோடு வளையுற முனை பள்ளத்தைப் பார்த்தா ஸ்பர், மேட்டைப் பார்த்தா ஓடை. இது மட்டும் கைவந்துட்டா பாதி மேப் வந்துடுச்சு. நேரக் கணக்குக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கங்க. 1892லேயே நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் போட்ட கணக்கு, இன்னைக்கும் நிக்குது.

நீங்க இருக்கிறது மெல்பர்ன், அது பெரிய அதிர்ஷ்டம். ரோகைன்னு ஒரு விளையாட்டு 1976ல உங்க ஊர்ப் பக்கம்தான் பிறந்துச்சு. நடை மட்டும்தான், ரெண்டுலேர்ந்து அஞ்சு பேர் வரைக்கும் டீம், மேப்ல இருக்கிற புள்ளிகளை எந்த வரிசையில வேணும்னாலும் பிடிக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் மார்க். முழு அளவு 24 மணி நேரம், ஆனா 6 மணி நேரம் 12 மணி நேரம்னு சின்னதும் உண்டு. புதுசா வர்றவங்களுக்கு சொல்லிக் குடுப்பாங்க, குழந்தைங்களோட வர்ற குடும்பங்களே நிறைய. ரேஸுக்கு முன்னாடி உங்க டீம் நாலு பேரும் ஒரு 6 மணி நேர ரோகைன் போயிட்டு வாங்க. நாலு பேருக்குள்ள ஒத்துப்போகுமாங்கிறது அந்த ஆறு மணி நேரத்துல தெரிஞ்சிடும்.

சுன்னாகத்தாள்

தங்கச்சி, நான் நியூசிலாந்தில கிறைஸ்ட்சேர்ச்சில இருக்கிறன், நர்ஸ் வேலை. உங்கட பயம் எனக்கு நல்லா விளங்குது. என்னை முதல்முதல் கூப்பிட்டதும் பொம்பிளை ஒராள் வேணும் எண்டுதான். அதை அவை மறைக்கேல்ல, நேராச் சொல்லித்தான் கேட்டவை. ஆனா எத்தினையோ பொம்பிளையள் இருக்கேக்க என்னட்டை ஏன் கேட்டவை எண்டு யோசியுங்கோ. உங்களோட வேலை செய்யிறவை உங்களை மூண்டு வருசமாப் பாக்கினம். நெருக்கடியில நீங்கள் எப்பிடி இருப்பியள், ஆக்களோட எரிஞ்சு விழுவியளோ எண்டு அவைக்குத் தெரியும். பன்னிரண்டு மணித்தியாலம் ஒண்டா இருக்கிறதுக்கு அதுதான் வேணும்.

என்ர முதல் 24 மணித்தியால ரேஸ். பின்நேரம் ஒரு பெரிய ஏத்தம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போறன், மூண்டு பேரும் முன்னால நிண்டு பாத்துக்கொண்டு நிக்கினம். எனக்கு அழுகை வந்திட்டுது. ஒராள் ஒண்டும் கதைக்காமல் திரும்பி வந்து என்ர பையைக் கழட்டித் தன்ர பைக்கு மேல கட்டினவர். மற்றவர் தன்ர சைக்கிள் சீற்றுக்குக் கீழ இருந்து ஒரு இழுபடுற கயிறை எடுத்து என்ர சைக்கிள்ல கொளுவினவர். ரோ எண்டு சொல்லுவினம், இழுத்துக்கொண்டு போறது. எனக்கு வெக்கமாப் போச்சு. அவர் சொன்னார், "இது எங்கட டீமின்ர சக்தி, எல்லாருக்கும் பகிர்ந்து குடுக்கிறம், அவ்வளவுதான்" எண்டு.

அதே ஆள், விடியப்புறம் மூண்டு மணிக்கு, கயாக்கால இறங்கி ரெண்டு தரம் சத்தி எடுத்தவர். குளிரில கை நடுங்குது, சாப்பிட மாட்டன் எண்டு நிக்கிறார். அப்ப நான் நல்லா இருந்தனான். உப்புப் போட்ட உருளைக்கிழங்கு அவிச்சுக் கொண்டு போனனான், அதைப் பிச்சுப் பிச்சு ஒவ்வொரு வாயா ஊட்டி, மேல தெர்மல் போட வைச்சு, அவற்ற பையை நான் வாங்கி முன்னால கட்டிக்கொண்டு நடந்தனான். விடியத்தான் அவருக்கு முகம் தெளிஞ்சது. பின்நேரம் இழுபட்டவள் விடியக்காலமை இழுத்துக்கொண்டு போனாள். இந்த விளையாட்டில எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்தது அந்த விடியக்காலமைதான். சும்மா ஆறுதலுக்குச் சொல்லேல்லை, டீமில ஆர் பலமானவர் எண்டு கடைசிவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

கால் விசயம் நான் நர்ஸ் எண்டபடியால் சொல்லியே ஆகவேணும். தண்ணியில நடந்து நடந்து பாதம் ஊறி வெள்ளையா சுருங்கினால் தோல் உரியத் தொடங்கும், பிறகு ஒவ்வொரு அடியும் கத்தி மாதிரி. ஒவ்வொரு டிஏயிலயும் சப்பாத்தைக் கழட்டி, காலைத் துடைச்சு, மண் இல்லாமல் பாத்து, காய்ஞ்ச சொக்ஸ் போடுங்கோ. போறதுக்கு முதல் விரல் இடுக்கில வாசலின் பூசுங்கோ. நகத்தை மூண்டு நாளைக்கு முதலே வெட்டுங்கோ, கடைசி நாள் வெட்டினால் இறக்கத்தில குத்தும். அஞ்சு நிமிசம் போகுது எண்டு ஆம்பிளையள் அவசரப்படுத்துவினம், விடாதேங்கோ.

மாதவிடாய் நாளில ரேஸ் வந்தால் எண்டு கேக்க வெக்கப்படாதேங்கோ, எனக்கு ரெண்டு தரம் வந்தது. தேவையானதை சிப் உள்ள பையில ரெண்டு செட்டாப் பிரிச்சு, ஒண்டு உங்கட பையில, ஒண்டு டிஏ பெட்டியில வையுங்கோ. பாவிச்சதைத் திருப்பிக் கொண்டுவர இன்னொரு பை. டீமுக்கு முதலே சொல்லி வைச்சால் ரெண்டு நிமிசம் ஒதுங்கி நிக்க ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம்.

பொள்ளாச்சி_டாக்டர்

ஒரே ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன். ஆத்துத் தண்ணி, சேறு இதுல நாள் முழுக்க கிடக்கிற விளையாட்டு இது. 2000ல போர்னியோ தீவுல, மலேசியாவோட சபா மாநிலத்துல நடந்த எக்கோ சேலஞ்ச் ரேஸ்ல கலந்துக்கிட்ட 304 பேர்ல 189 பேரை அப்புறம் தொடர்பு கொண்டு விசாரிச்சப்ப 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறி இருந்திருக்கு, 29 பேர் ஆஸ்பத்திரியில படுத்தாங்க, நல்லவேளையா யாரும் சாகல. செகாமா ஆத்துல நீந்தினவங்களுக்குத்தான் அதிகம் வந்திருக்கு. எலி மூத்திரம் கலந்த தண்ணி, சிராய்ப்பு, வெட்டுக்காயம், கண், வாய் வழியா உள்ள போற கிருமி. எல்லாரும் ரேஸ் முடிஞ்சு அவங்கவங்க நாட்டுக்குப் போயிட்டாங்க, அங்க இருக்கிற டாக்டருக்கு இது போர்னியோ ஆத்துல கிடந்த ஆளுன்னு சொன்னாத்தானே தெரியும்.

மெல்பர்ன் பக்கம் அந்த அளவுக்கு இருக்காது, பயப்பட வேண்டாம். ஆனா ரேஸ் முடிஞ்ச மூணு நாலு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் சதை வலி, கண் சிவப்பு வந்தா ஜுரமாத்திரையைப் போட்டுக்கிட்டு படுக்காம டாக்டர்கிட்ட போயி ஆத்துல இறங்கினேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. ஆரம்பத்துல பிடிச்சா சாதாரண ஆன்டிபயாடிக்லயே சரியாயிடும். காயம் இருந்தா தண்ணி புகாத பிளாஸ்டர் போட்டுட்டு இறங்குங்க.

கோவை_சைக்கிள்காரன்

திரியைக் கடத்துறேன், மன்னிச்சுக்கங்க. படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. நம்ம ஊர்ல இப்படி எதாவது நடக்குதா? நான் வாரம் மூணு நாள் சைக்கிள் ஓட்டுறேன், மாசம் ஒரு தடவை மலை ஏறுறேன்.

காட்டுவழியான்

கோவை நண்பா, புனேல எண்டியூரோ3ன்னு 2003லேர்ந்து சஹ்யாத்ரி மலையில நடத்துறாங்க, மூணு பேர் டீம், நடை, சைக்கிள், ஆத்தைத் தாண்டுறது எல்லாம் உண்டு. ஆரம்பிக்க நல்ல இடம்.

தமிழ்நாட்டு மலையில ராத்திரி நேரம், பாதை இல்லாத காட்டுக்குள்ள மேப்பைத் தூக்கிக்கிட்டு போறது நடக்காது, போகவும் கூடாது. 2018 மார்ச்ல எங்க தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில சிக்கி 23 பேர் செத்தாங்க. அந்த வாரம் ஊர்ல இருந்தேன், ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் காதுல இருக்கு. அனுமதியில்லாம காட்டுக்குள்ள போறதைப் பத்தி யாரு லேசா பேசினாலும் எனக்குக் கோபம் வரும். இப்ப வனத்துறையே 2024லேர்ந்து ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைக்கு ஆன்லைன்ல புக்கிங் குடுக்குது, கைடோட போகலாம். அதுல போறப்ப சர்வே ஆஃப் இந்தியா ஓப்பன் சீரிஸ் மேப், 1:50,000 அளவு, இலவசமாவே இறக்கலாம், பிரின்ட் எடுத்துட்டுப் போங்க. அதுல 2 சென்டிமீட்டர்னா தரையில ஒரு கிலோமீட்டர். கைடு முன்னாடி போகட்டும், நீங்க பின்னாடி மேப்ல கட்டைவிரலை நகர்த்திக்கிட்டே வாங்க, இப்ப எங்க இருக்கோம்னு ஒவ்வொரு வளைவுலயும் விரல் சொல்லணும். அந்தப் பழக்கம் வந்துட்டா நீங்க எந்த நாட்டுல ரேஸ் போனாலும் தொலைய மாட்டீங்க.

தென்றல்_விருதை

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. சுன்னாகத்து அக்கா எழுதினதை ட்ரெயின்ல படிச்சேன், படிச்சு முடிக்கிறதுக்குள்ள இறங்க வேண்டிய ஸ்டேஷன் போயிடுச்சு.

நேத்து லஞ்ச்ல அவங்ககிட்ட நேராவே கேட்டுட்டேன், ரூலுக்காகத்தான் என்னைக் கூப்பிட்டீங்களான்னு. மூணு பேர்ல ஒருத்தர், கேரளாக்காரர், சொன்னாரு, ரூலுக்காகத்தான் ஒரு பொண்ணைத் தேடினோம், ஆனா போன வருஷம் ராத்திரி சர்வர் விழுந்தப்ப விடிய விடிய எல்லாரையும் கத்தாம வழிநடத்தினது நீதானே, அதனாலதான் உன்கிட்ட முதல்ல வந்தோம்னு. சரின்னு சொல்லிட்டேன். 6 மணி நேர ரோகைன் ஒண்ணுக்கும் நாலு பேரும் பேர் குடுத்தாச்சு. கயாக் கிளாஸ் சனிக்கிழமை காலையில.

ஒரு சந்தேகம். போன தடவை ஊருக்குப் போனப்ப பையனுக்காக சென்னையில வாங்கின காம்பஸ் ஒண்ணு வீட்டுல இருந்துச்சு, பிளாஸ்டிக் தட்டோட இருக்கிறது. அதை எடுத்துக்கிட்டு பக்கத்துல இருக்கிற பார்க்குக்குப் போனேன். ஊசி ஒரு பக்கம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அடியில உரசுது, சுத்தவே மாட்டேங்குது. தட்டினா கொஞ்சம் நகருது, அப்புறம் வேற எங்கயோ நிக்குது. ஊர்ல நல்லாத்தான் சுத்துச்சு. கெட்டுப் போச்சா?

காட்டுவழியான்

கெட்டுப் போகலங்க, அது நம்ம ஊருக்குன்னு செஞ்ச காம்பஸ். பூமியோட காந்தப்புலம் எல்லா இடத்துலயும் தரைக்கு சமமா ஓடாது. தமிழ்நாட்டுத் தெற்கு முனையில கிட்டத்தட்ட படுத்தாப்புல ஓடும், காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாத்தான் போகுது, 1963ல திருவனந்தபுரம் பக்கத்துல தும்பாவுல ராக்கெட் தளம் வச்சதுக்கே அது ஒரு காரணம். மெல்பர்ன்ல அதே புலம் ரொம்ப செங்குத்தா இருக்கும், அதனால ஊசியோட தெற்கு முனையைக் கீழ இழுக்குது. கம்பெனிங்க ஒவ்வொரு பகுதிக்கும் ஊசியை எடை பார்த்துத்தான் செய்யுறாங்க. கடையில தெற்கு அரைக்கோளத்துக்கானதுன்னு கேட்டு வாங்குங்க, இல்ல எல்லா இடத்துக்கும் பொருந்துற குளோபல் ஊசின்னு இருக்கு, கொஞ்சம் விலை ஜாஸ்தி, ஆனா ஊருக்குக் கொண்டு போனாலும் வேலை செய்யும்.

இன்னொண்ணும் இப்பவே தெரிஞ்சுக்கங்க. ஊசி காட்டுற வடக்கும் மேப்போட வடக்கும் ஒண்ணு இல்ல. தமிழ்நாட்டுல ஒண்ணு ரெண்டு டிகிரிதான் வித்தியாசம், கண்டுக்காம விடலாம். மெல்பர்ன்ல 11 டிகிரிக்கு மேல கிழக்கே தள்ளிக் காட்டும், அதை விட்டுட்டா ஒரு கிலோமீட்டர் நடந்ததுல 200 மீட்டர் தள்ளிப் போயிருப்பீங்க. நியூசிலாந்து தெற்குத் தீவுல அது 20 டிகிரிக்கும் மேல, அக்காவுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். ரோகைன் மேப்ல பெரும்பாலும் காந்த வடக்குக் கோட்டையே போட்டுக் குடுத்துடுவாங்க, அதுல கழிக்க வேண்டியதில்ல. அட்வென்ச்சர் ரேஸ்ல மேப் கைக்கு வந்ததும் ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க.

சுன்னாகத்தாள்

ஓம், இஞ்ச ஒருக்கால் அதைக் கழிக்க மறந்து ஒரு முழுப் பள்ளத்தாக்கு மாறிப் போனனாங்கள். தங்கச்சி, அந்தக் காம்பசை மகனிட்டையே குடுங்கோ, அடுத்த தரம் விருதுநகர் போகேக்க கொண்டு போகட்டும். கயாக் வகுப்பில முதல் நாள் கவிழ்ந்து எழும்பப் பழக்கச் சொல்லிக் கேளுங்கோ. மிதவைச் சட்டை போட்டிருப்பியள்தானே, அம்பது மீட்டர் நீச்சல் போதும், கவிழ்ந்தால் கயாக்கை விடாமல் பிடிச்சுக்கொண்டு இருக்கப் பழகினால் சரி. பாம்புக்கடிக்குச் சுத்துற அகல பண்டேஜ் ஒண்டும், விசில் ஒண்டும் ரோகைனுக்கே கொண்டு போங்கோ, உங்கட பக்கம் ரைகர் பாம்பு இருக்கு. போட்டு வந்து எழுதுங்கோ, பாத்துக்கொண்டு இருப்பன்.

தென்றல்_விருதை

சரிக்கா. சனிக்கிழமை சாயங்காலம் வந்து எழுதுறேன்.